பதினான்கு சென்டிமீட்டர்

விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே
பதினான்கு சென்டிமீட்டர்
என்று எழுதிக்கொண்டாள் ஜெசிந்தா.
தண்டையார்பேட்டையில், மருந்துக்கடை மாடியில்
பச்சை ரெக்சின் கட்டில்.

"இடுப்பு பாவம்ணா, அது மேல தப்பில்ல.
தொடைக்குப் பின்னாலதான் கயிறு இறுகிக் கெடக்கு."

கயிறு எனக்குத் தெரியும்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னரோடு
ஒரு பகலும் ஓர் இரவும்
துறைமுக கேட்டை நோக்கி
இரண்டடி இரண்டடியாய் நகர்கிறவன்.
கிளட்சில் இடது கால்,
மடங்கியது மடங்கியபடி பதினெட்டு வருஷம்.

குதிகாலைத் தன் தோளில் ஏந்தி
மெல்ல உயர்த்துகிறாள்.
அவள் முழங்கை தொடை நடுவில் இறங்கி
ஓரிடத்தில் நின்றுகொள்கிறது.
எதிர்த்துத் தள்ளச் சொல்கிறாள்; தள்ளுகிறேன்.
விடச் சொல்கிறாள்.
விடத் தெரியவில்லை.
"மூச்ச எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

விட்டேன்.
முன்வண்டி நகர்ந்த மாதிரி
உள்ளே என்னவோ இரண்டடி நகர்ந்தது.

இப்போதெல்லாம் எர்ணாவூரில் வரிசை நின்றால்
படியில் குதிகாலை ஊன்றி
துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கிறேன்,
முப்பது எண்ணும்வரை.
"டான்ஸ் கிளாஸா மாமே?"
பின்வண்டி சம்சுதீன் கத்துகிறான்.
கத்தட்டும்.

நேற்று கேட் பாஸ் காற்றில் பறந்து ரோட்டில் விழுந்தது.
கிளீனரைக் கூப்பிடத் திறந்த வாயை
மூடிக்கொண்டு குனிந்தேன்.
தார்ச்சூடு விரலைச் சுட்டது.
தாளை எடுத்த பிறகும்
நிமிர மனசில்லை.
சட்டை ஏறிய முதுகில் கடல்காற்று.

பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
வரிசை நகர்ந்துவிட்டதாம்.