காளான் போல என்பவர்களுக்கு

தெருவுக்கு நான்கு டியூஷன் சென்டர்
காளான் போல முளைத்துவிட்டதாக
எழுதுகிறவர்
ஒரு பை காளானாவது வளர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் வைக்கோல்.
வில்லிவாக்கத்தில் வைக்கோல் கேட்டால்
மாடு எங்கே என்கிறார்கள்.
ரயில்வே லைன் ஓரம் இரண்டு எருமை வைத்திருக்கும்
தெய்வநாயகம் ஒரு கட்டு தந்தார்,
எருமைகளிடம் கேட்டுக்கொண்டு தந்த மாதிரி.
வெட்டி, ஊறவைத்து,
பிரியாணி அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன்.
வாடகை அண்டா.
"எத்தனை பேருக்கு?" என்றார் கடைக்காரர்.
வைக்கோலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை;
நாற்பது பேர் என்றேன்.

பிழிந்தால் சொட்டக்கூடாது,
ஆனால் கை ஈரமாக வேண்டும்.
இந்த ஒரு வரி புரிவதற்குள்
மூன்று பைகள் செத்தன.
பச்சைப் பூஞ்சை, மறுபடியும் பச்சைப் பூஞ்சை,
மூன்றாவதில் பொடி ஈக்கள்.

நான்காவதை
வெஸ்டர்ன் வைத்தபின் யாரும் நுழையாத
பழைய கக்கூஸில் தொங்கவிட்டேன்.
சுற்றிலும் ஈரச் சாக்கு, கீழே மணல்,
ஏ.சி. சொட்டிய தண்ணீர் ஒரு பக்கெட்.
ஆவணி. வெளியே முப்பத்தைந்து, உள்ளே இருபத்தெட்டு,
சில மதியம் முப்பது, பொய் சொல்வானேன்.

குழாய் பார்க்க வந்த வீட்டு ஓனர் சபாபதி
இருட்டில் தொங்கும் பையைக் கண்டு
"இது... க..." என்று நின்றார்.
"காளான் சார்."
அந்த மூச்சில் கஞ்சாவை விட்டார்,
அடுத்த மூச்சில் "அது அசைவமாச்சே" என்று பிடித்துக்கொண்டார்.
"செடியும் இல்ல, ஜீவராசியும் இல்ல சார்."
"அப்ப என்னதான் அது?"
அக்ரிமென்ட்டில் அதற்கு இடம் விடவில்லை.

பதினைந்து நாள் வெறும் வெள்ளை.
வைக்கோலுக்குள் யாரோ பஞ்சு அடைக்கிற மாதிரி
மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல்.
பல் தேய்க்கும் முன் ஒரு தெளிப்பு,
டயர் கடையில் பில் போட்டு முடித்து வந்து ஒரு தெளிப்பு.
இருபத்திரண்டாம் நாள்
ஓட்டைகளில் குண்டூசித் தலைகள்.
மூன்றே நாளில் காதுகள்.
கக்கூஸ் முழுக்கக் காதுகள்.
அந்த வாரம் போனில் மெதுவாகப் பேசினேன்.

மிளகு போட்டு வதக்கி டிபன் பாக்ஸில் கொண்டுபோனேன்.
தள்ளுவண்டிக் காளானே தின்று வளர்ந்த பெனாசிர்
கிளறிப் பார்த்துக் கேட்டாள்:
"முட்டைக்கோஸ் எங்கடி?"

பேராசை ஐப்பசியில் வந்தது.
இரண்டு நாள் மழை விட்ட காலை,
ஐ.சி.எஃப். பக்கத்து மைதானத்துப் புல்லில்
வட்டமாக, தட்டுத் தட்டாக, வெள்ளை.
நடக்க வந்தவர்கள் நாய்க்குடை என்று சுற்றிப் போனார்கள்.
சுற்றிப் போகாத ஒருவர், நீல ட்ராக் பேன்ட்,
"எங்க ஊர்ல பிரட்டிச் சாப்பிடுவோம், தாராளமா எடுங்க" என்றார்.
எந்த ஊர் என்று சொல்லவில்லை.
நான் ஆறு எடுத்தேன். அவர் துண்டில் கட்டிக்கொண்டார்.

வாசனை நன்றாகத்தான் இருந்தது.
வெங்காயம்கூட அரிந்துவிட்டேன்.
ஏதோ ஒன்று கையைப் பிடிக்க,
ஒன்றின் காம்பை நறுக்கி,
நான் போகாத ஒரு கல்யாணத்தின் பத்திரிகையைத் திருப்பி
அதன்மேல் கவிழ்த்து
சட்டியால் மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பத்திரிகையின் முதுகில்
மூச்சுப் பட்டாலே கலையும் பொடியில்
நடுவிலிருந்து விளிம்புக்கு நூறு நூறு கோடுகள்.
பச்சை. மங்கிய பாசிப் பச்சை.
வெள்ளைக் குடைக்குள்ளிருந்து இந்த நிறம் விழுந்தால்
வாயில் வைக்காதே என்று அர்த்தம்.

செருப்பு மாட்டியதும் மாட்டாததுமாக ஓடினேன்.
புல்லில் வட்டம் மட்டும் மிச்சம்.
அவர் பேரும் தெரியாது.
மறுநாள் வரவில்லை.
அதற்கு மறுநாள் மழை.
நான்காம் நாளும் கேட் பக்கமே பார்த்தபடி
ஏழு சுற்று நடந்தேன்.

ஐந்தாம் நாள் அதே நீல ட்ராக் பேன்ட்,
கொஞ்சம் தளர்ந்து தொங்கியது.
எல்லாரையும் கேட்பதைத்தான் கேட்டேன்,
வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் வேண்டி:
"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு," என்றார், நிற்காமல்.
"நீங்க?"