ஊதா மூடி

குருநகர் சனசமூக நிலையத்தில்
கரம் மேசையை ஓரம் தள்ளிக்
குளிர்பெட்டியை இறக்கினோம்.
ஆறரைக்கே ஆட்கள், வெறுவயிற்றோடு,
குத்தி முடியத் தின்ன மடியில் ஒரு பணிஸ்.
அறுபது கடந்த இருநூறு பேரின் இரத்தத்தில்
முதுமை என்ன எழுதுகிறதென்று பார்க்கிற ஆய்வு.
வாசிப்பது வேறு ஆட்கள்.
நான் குத்துகிறவள்.

நாற்பத்தோராவது, பஸ்தியாம்பிள்ளை.
பிறந்த திகதி?
"எது வேணும் பிள்ளை?
அட்டையில கிடக்கிறது, விதானையார்
என்ர பல்லைப் பாத்து எழுதினது.
அம்மா சொன்னது வேற:
கரையில ஆனைத்திருக்கை இழுத்துப்போட்ட கிழமை."

அட்டைப்படி அறுபத்தெட்டு.
திருக்கைப்படி எழுபத்துமூன்று.
எழுபது தாண்டினால் முதியோர் கொடுப்பனவு.
"ரத்தம் பொய் சொல்லாதாம், டொக்டர் தம்பி சொன்னவர்.
அதிட்டக் கேட்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

வலைக்கயிறு இழுத்த கை.
நாளத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை,
வெளியிலேயே கிடந்தது.
ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி இரண்டு.
எட்டுத் தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினேன்.
குலுக்கினால் உடைந்துவிடும்.

போதனா வைத்தியசாலையின் பின்கட்டில்
யந்திரம் சுழன்று ஓய,
சிலருக்கு மேலே தெளிந்த மஞ்சள்,
சிலருக்குப் பால் கலந்த கலங்கல்.
அதற்குள் கிடக்கின்றன எல்லாம்:
எங்கோ அணையாமல் புகைவதற்கு ஒரு புரதம்,
இதயச் சுவர் இழுபட்டு இழுபட்டுக் கசிவது இன்னொன்று,
சிறுநீரகம் சோர்ந்ததைக் காட்டிக்கொடுக்க ஒன்று.
நெஞ்சே நோகாதவனின் நெஞ்சைப் பற்றி
வருடங்கள் முந்தியே கோள் சொல்லுகிறவை.

ஒத்துப் பார்க்க ஒரு குழாய் குறைந்தது.
பட்டியைப் பல்லால் இழுத்து
என் கையை நானே கட்டினேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு தாள்கள் வந்தன.
பஸ்தியாம்பிள்ளையின் இரத்தத்துக்கு வயது அறுபத்தொன்று.
எனக்கு நாற்பத்தொன்பது.
என் இரத்தத்துக்கு அறுபத்துநான்கு.

திரும்ப ஓட்டினேன்.
அறுபத்துநான்கு.
புகைகிற புரதம் ஏழு.
மூன்றுக்கு மேல் கவனமென்று
மற்றவர்களுக்குச் சொல்லுகிறவள் நான்தான்.
"இது சனத்தொகைக்குச் செய்த கணக்கு,
தனி ஆளுக்கு வைச்சுப் பாக்காதேங்கோ" என்றார் டொக்டர்,
தன் குழாயைத் தராத டொக்டர்.

எந்த வருடங்களை அது இரண்டாய் எண்ணியது?
குப்பிவிளக்கில் ஏ.எல். படித்த காலத்தையா,
பதினொரு வருட இரவுக் கடமையையா,
அல்லது ஒன்றுமேயில்லையா,
காட்டாமல் தள்ளிப்போடும்
கடைவாய்ப் பல்லின் வீக்கம் மட்டுமா?

இறங்குதுறையில் அவர்
வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்.
"அறுபத்தொண்டோ!"
சம்மாட்டி விலை குறைத்ததுபோல் பார்த்தார்.
"இன்னும் ஒன்பது வருசம் தொழிலுக்குப் போ எண்டுதே இது?
கச்சேரியில ஆருக்கும் காட்டிப்போடாதேங்கோ."

ஆனால் அதே தாளில் ஒரு எண் மட்டும் சிவப்பு,
இழுபட்டுக் கசிகிற அந்த ஒன்று.
படி ஏறினால் மூச்சு வாங்குதோ ஐயா?
"இஞ்ச எங்க பிள்ளை படி?
எல்லாம் கடல் மட்டம்."

வியாழன் இதயக் கிளினிக் என்றேன்.
வியாழன் நல்ல நண்டு படும் என்றார்.
இழுபறியில் வெள்ளிக்கிழமை என்று முடிந்தது.
வெள்ளிக்கிழமை கிளினிக் இல்லை;
கேட்டுப் பார்க்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

தாளை நாலாய் மடித்து
பனியனுக்குள் செருகினார்.
ஐந்து நண்டைப் பையில் கட்டித் தந்தார்,
ஒன்று இன்னும் காலை அசைத்தது.
"உங்களுக்கு எத்தினை வந்தது பிள்ளை?"

அட்டையில் இருப்பதைச் சொன்னேன்.