பொய்ப்பூச்சி

எனதிரிமங்கலம். தடுப்பணை பிளந்து கிடக்கும் இடம்.
ஐப்பசி எட்டு, சாயங்காலம் ஐந்தே கால்.
போன வாரத்து வெள்ளம் டீ நிறத்திலிருந்து இறங்கி
இன்றைக்குத்தான் நீருக்குள் என் முழங்கால் தெரிகிறது.

கல்லொன்றைப் புரட்டுகிறேன்.
அடியில் அரிசி நீளத்தில் மணல் குழல்கள்.
கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை,
எச்சிலால் மணியை மணியோடு ஒட்டி
ஆவணி முழுக்க உள்ளே குடியிருந்திருக்கிறது.
சில குழல்கள் காலி.
இதற்குத் தமிழில் என்ன பேர் என்று மஸ்தானைக் கேட்டேன்.
"பூச்சி" என்றான்.

மஸ்தானுக்குப் பழைய டவுனில் கோழிக்கடை.
சேவலின் கழுத்திறகைத் தனியே எடுத்து
பில் காகிதத்தில் மடித்துத் தருவான்.
எனக்கு மஞ்சக்குப்பத்தில் பல் கட்டும் வேலை:
அடுத்தவர் சிரிப்பை முதலில் மெழுகில் செதுக்குவது,
நிறம் பார்க்கும் சீப்பில் பதினாறு வெள்ளை,
அதில் அவருடைய வெள்ளை எதுவென்று தேடுவது.
பொய்ப்பல்லுக்கு ரகசியம் ஒன்றுதான்.
எங்காவது கொஞ்சம் கோணியிருக்க வேண்டும்.

அதே மேசையில், கடைசி ஆள் போனபின்,
பதினாலாம் நம்பர் முள்ளில் இறகைச் சுற்றினேன்.
சிறகுக்கு முந்திரித் தோலின் பழுப்பு.
ஒரு கோணலும் இல்லாமல்
ஆறு பூச்சிகள்.

ஐந்தே முக்காலுக்கு முதல் பூச்சி
தண்ணீரின் தோலைக் கிழித்து வந்தது.
கழற்றிய உடம்பின் மேலேயே நின்று
ஈரச் சிறகைக் கூரையாய் மடித்து நாலடி மிதந்தது.
பிறகு ஏழு. பிறகு எண்ணவில்லை.
ஆறு கொதித்தது, சத்தமே இல்லாமல்.
என் காதில், மூக்கில், மஸ்தானின் தாடியில்.
கீழே வெளிச்சி மீன்கள்
டவுன் பஸ்ஸில் சில்லறை கொட்டினாற்போல.

வீசினேன்.
கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாய் நீளும்வரை
பொறுக்க வேண்டும்.
அந்த ஒரு நொடி பிடிபட எனக்கு இரண்டு வருஷம்.
என் பூச்சி நல்ல இடத்தில்தான் விழுந்தது.
ஒரு வெளிச்சி வந்தது, பார்த்தது,
பக்கத்தில் மிதந்ததைத் தின்றுவிட்டுப் போனது.
இப்படிப் பதினோரு தடவை.

மஸ்தானின் வாளியில் மூன்று கெளுத்தி.
"பசிச்சு வர்றதுக்குப் புழுவைக் குடுறா.
உன்கிட்டப் பல்லு கட்டுனவன் சோறாவது திங்கிறான்.
இதைத் தின்னா என்ன ஆவும்?"

பன்னிரண்டாவது வீச்சில்
பின்னால் போன கயிறு திரும்பவில்லை.
கருவேலமரம் என்று நினைத்தேன்.
மரம் மேலே போனது.

தகைவிலான் குருவி.
பட்டம் இறக்குகிற மாதிரி கையால் இழுத்து இழுத்து இறக்கினேன்.
பட்டத்துக்கு மூச்சு வாங்காது.
உள்ளங்கையில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை,
நீல முதுகு, தொண்டையில் செங்கல் நிறம்.
எத்தனை மலை தாண்டி வந்து
பழைய டவுன் சேவலிடம் ஏமாந்திருக்கிறது.
எத்தனையோ வாய் பார்த்தவன் நான்,
இவ்வளவு சின்ன வாயைத் திறந்ததில்லை.
தினம் அறுபது கோழி அறுக்கிறவன்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
"விடுறா, சீக்கிரம் விடுறா" என்றான்.

முள்ளின் கொக்கியை மீனுக்காக நசுக்கி வைத்திருந்தேன்.
வழுக்கி வந்துவிட்டது.
கடுகில் பாதி ரத்தம்.

கை விரித்தும் போகவில்லை அது.
கட்டைவிரலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.
பிறகு போனது,
போன வேகத்தில் இன்னொரு பூச்சியைப் பிடித்தது.

என் பூச்சியின் ஒரு சிறகு பிய்ந்து தொங்கியது.
மாற்ற வெளிச்சமில்லை. அப்படியே போட்டேன்.
விழுந்ததும் இழுத்தது.
விரல் நீள வெளிச்சி, அவ்வளவுதான்.
வாளியைக் காட்டினான் மஸ்தான்.
நான் தண்ணீரைக் காட்டினேன்.

பண்ருட்டி சாலையில் ஹெட்லைட் முழுக்கச் சிறகுகள்.
பின் சீட்டில் தாடியைக் கோதிக்கொண்டே வந்தவன்
நெல்லிக்குப்பம் தாண்டியதும் தோளைத் தட்டினான்.
"நிறுத்து.
ஒண்ணு இன்னும் உசுரோட இருக்கு."