ஏழாம் தீர்மானம்

தரங்கம்பாடி. ஆவணி. இரண்டாம் நாள் அமர்வு.
கடலைப் பார்த்த கூடத்தில் பதினோரு நாட்டு ஊழியர்கள்,
ஒரே ஒரு ஜெனரேட்டர்.
காதில் விழுவதை வேறு வாயில் வைப்பது என் வேலை;
நாளுக்கு ஆயிரத்து இருநூறு, மதியம் மீன் குழம்பு.

சுவரில் உலகப் படம்.
சிவப்பு ஒட்டிய இடமெல்லாம்
சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத இடம்
என்றார் பேராயர் ஞானாபரணம்.
அதையே பார்க் ஐயா எண்ணிக்கையில் சொன்னார்,
லாகோஸ் அகின்வாலே பாஸ்டர் ஜெபத்தில் சொன்னார்,
வேளாங்கண்ணிப் பக்கத்துச் சவரிராயன் சாமி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
சொல்லாமல் சொன்னார்.

ஒரே நகரத்தில் ஒன்பது சபைக்கு ஒன்பது பள்ளிக்கூடம்,
எதிர்த் தீவில் ஒரு நர்ஸ்கூட இல்லை
என்று கணக்கு வந்தபோது
கூடம் கொஞ்சம் தலை குனிந்தது.
இனி சேர்ந்து செய்வோம் என்றார்கள்
ஆறு மொழியில்.

அந்தச் 'சேர்ந்து'வுக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை.
ஒத்துழைப்பு என்றேன்: தாலுகா ஆபீஸ் வாடை.
கூட்டுப்பணி என்றேன்: பின்வரிசை கொட்டாவி விட்டது.
பிறகு வாய் தானாகச் சொல்லிற்று,
குடிமராமத்து.

பின்வரிசை நிமிர்ந்தது.
ஆளுக்கு இத்தனை முழம் வாய்க்கால்;
தூரெடுக்க மேல்மடைக்காரனும் வரணும், கீழ்மடைக்காரனும் வரணும்,
வராதவன் வீட்டு வாசலுக்கு ஆள் போகும்.
உபதேசியார்கள் சிரித்தார்கள்.
என்ன சிரிப்பென்று பார்க் ஐயா கேட்டு
குறித்துக்கொண்டார்.

சிரிக்காதவர் மாசிலாமணி உபதேசியார். எழுந்தார்.
"மேட்டூர் திறந்து அறுபத்தஞ்சு நாளாச்சு.
எங்க மடைக்கு இன்னும் தண்ணி வரல.
வாய்க்கா இருக்குங்க. நடுவுல அடைச்சிருக்கு.
எங்க ஊர் கல்லறைக்கு நடுவுலயும் ஒரு சுவரு.
அந்தாண்ட அவங்க எலும்பு, இந்தாண்ட எங்க எலும்பு.
ரெண்டு பக்கமும் சிலுவைதான் நட்டிருக்கு.
படத்துல அதுக்கு என்ன கலருங்க ஐயா?"

பேராயர் என் பக்கம் சாய்ந்தார்.
"இது உள்ளூர்ச் சங்கதி. மொழிபெயர்க்க வேண்டாம், எப்சிபா."

பதினோரு நாடு காதில் கருவியோடு காத்திருந்தது.
அலைச் சத்தம் மட்டும்
எல்லா மொழியிலும் போய்க்கொண்டிருந்தது.

நான் தைரியசாலி இல்லை.
தங்கை கல்யாணப் பந்தியில்
யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாதென்று
பட்டியல் எழுதித் தந்தவள் நான்தான்.
எங்கள் ஊரிலும் அந்தச் சுவர் உண்டு.
அப்பா கிடப்பது வேப்பமர நிழல் விழுகிற பக்கம்.

முதலில் 'சுவர்' என்று மட்டும் சொன்னேன்.
கொஞ்சம் பொறுத்து, 'எலும்பு'.
மடை திறந்ததுபோல் எல்லாம் இல்லை,
ஒரு கசிவு.
ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

அகின்வாலே பாஸ்டர் எழுந்து
ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார்.
எங்கே ஒட்டட்டும் என்று மாசிலாமணியைக் கேட்டார்.
உலகப் படத்தில் எங்கள் ஊர் எறும்புக் கால் அளவுகூட இல்லை.
ஒட்டினால்
திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை மூடிவிட்டது,
பேராயர் பங்களாவும் சேர்த்து,
என் அப்பாவும் சேர்த்து.

தீர்மானம் ஏழு:
'உள்ளூர்ச் சுவர்கள் குறித்து
அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'
நானே தட்டச்சு செய்தேன், பிழையில்லாமல்.

உப்புக்காற்று.
விடிவதற்குள் ஸ்டிக்கர் தரையில் கிடந்தது.
காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால்
அதே இடத்தில், இந்தமுறை குண்டூசியோடு.
சவரிராயன் சாமியின் ஜோல்னாப் பையில்
குண்டூசி டப்பா கிலுகிலுத்ததை
நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.