எண்ணாமல்

கடுங்குளிர் மேய்ச்சலைத் தின்றுவிட்டுப் போன வசந்தத்தில்
வட்ட அலுவலகம் எனக்கு ஒரு பேரேடும்
ஒரு டப்பா சிவப்பு மையும் தந்தது.
செத்ததை எண்ணு.
எண்ணியதன் நெற்றியில் மை தொட்டு வை.
ஒரே ஆட்டை இரண்டு தரம் எண்ணிவிடாதே, டுலம்சுரேன்,
இழப்பீட்டுப் பணம் அரசாங்கத்துடையது.

பியம்பஜாவின் பட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு.
காற்றுக்கு முதுகைக் காட்டி,
ஒன்றின் கழுத்தில் ஒன்று தலைவைத்து,
சில நின்றபடியே விறைத்திருந்தன.
நிற்பவற்றை எண்ணுவது சுலபம் என்று எண்ணினேன்.
அப்படி எண்ணியவள் நான்தான்.
அவன் உப்புத் தேநீர் ஊற்றித் தந்தான்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.

இரவு,
வறட்டி கனலும் அடுப்பருகே
மாலையை எடுத்தேன்.
ஓம் மணி பத்மே ஹூம்.
நானூற்றுப் பதின்மூன்று.
ஓம் மணி பத்மே ஹூம்.
நானூற்றுப் பதினான்கு.
பியம்பஜாவிடம் அத்தனை ஆடு கிடையாதே.
அலுவலகம் பூட்டியது தெரியாமல்
உள்ளே ஒரு குமாஸ்தா
இல்லாத ஆடுகளுக்கு மை தொட்டுக்கொண்டிருந்தான்.

விரட்டவில்லை.
விரட்டினால் அதையும் பேரேட்டில் ஏற்றுவான்.
தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பும் ஒட்டகம்போல
மந்திரத்துக்கு வந்தேன், அவசரமில்லாமல்,
வழியில் கண்டதையெல்லாம் ஒரு கடி கடித்துக்கொண்டு:
ஏழாம் பக்கத்துக் கூட்டல் பிழை,
பெட்ரோல் பாக்கி,
உலான்பாதரில் படிக்கும் மகனின் பூட்ஸ் அளவு.

எங்கள் பக்கம் யார் வந்தாலும்
கூடாரத்துக்குத் தொலைவில் நின்றே
'நாயைப் பிடியுங்கள்!' என்று குரல் கொடுப்பார்கள்.
கதவைத் தட்டும் வழக்கமில்லை.
நினைப்புகளும் அப்படித்தான் வந்தன.
முதலில் வரிசையாக,
நாயைப் பிடி, நாயைப் பிடி என்று.
பிறகு ஒருவர் போய் நெடுநேரம் கழித்து ஒருவர்.
பிறகு தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விட்டது.

நாய் தூங்கிற்று.

முதலில் பொருள் உதிர்ந்தது
(எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்கவுமில்லை).
பிறகு நாக்கு நின்றது.
ஹூமின் கடைசியில் மூடிய உதடு
அடுத்த ஓமுக்குத் திறக்க மறந்தது.
ஒலி மட்டும் எங்கோ அடியில்,
கொதிக்கும் முன் கெட்டில் முனகுமே, அவ்வளவு.
பிறகு அதுவும்.
விரல் ஒரு மணியில் நின்றது.
எத்தனையாவது?
கேட்க ஆளில்லை.
பேரேடு மூடிக்கிடந்தது, மூடியவர் கையெழுத்தில்லாமல்.
கம்பளிச் சுவர், அடுப்பு, என் முழங்கால்
எல்லாம் இருந்தன,
ஒன்று இரண்டு என்று இல்லாமல்.

எவ்வளவு நேரமோ.
வாசலில் ஒரு குரல்:
'ஆகா, என்ன அமைதி! நாயைப் பிடி!'
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதோடு போயிற்று.
குமாஸ்தா வந்து உட்கார்ந்து
நானூற்றுப் பன்னிரண்டு என்றான்.
ஆமாம் என்றேன்.
இந்தத் தடவை சரியாகச் சொன்னான்.
அப்புறம்தான் அழுதேன்,
ஆடுகளுக்கா பியம்பஜாவுக்கா என்று பிரிக்காமல்.

காலையில் மாலையைச் சுருட்டும்போது பார்த்தேன்,
ஒரே ஒரு மணியில் சிவப்பு.
கழுவாத விரல் நெடுநேரம் அழுந்தியிருந்த இடம்.
எத்தனையாவது மணி என்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.
பையில் போட்டேன்.
பெட்ரோல் ஊற்றினேன்.
அடுத்தது ஸொஸொர்பரமின் பட்டி,
எதிர்க்காற்றில் இருபது கிலோமீட்டர்.