ஈரத்தில் பார்த்தது

குண்டடம் தாண்டி எடைமேடை.
கண்ணாடி அறைக்குள் நான், ஒரு கணினி, ஒரு மின்விசிறி,
பில் புத்தகத்துக்கு அடியில்
கால் தாளாக வெட்டிய முந்நூறு கிராம் காகிதம்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
எனக்கு ஒரு வானம் கிடைக்கும்.
சில நாள் அரை வானம்.

ஆடி மாதம் வரைவது சண்டை போடுவது மாதிரி.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட காற்று
காற்றாலைகளையெல்லாம் சுற்றிவிட்டு
என் ஜன்னலுக்கும் வந்துவிடும்.
தாளை நனைத்து, நீலம் தொட்டுத் திரும்புவதற்குள்
ஓரங்கள் காய்ந்து கோடாகிவிடும்.
மேகத்துக்கு ஏது கோடு?
ஜன்னலைச் சாத்தினால் வியர்வை.
ஒரு படத்தில் ஊதியூர் மலைக்கு மேலே
பூப்போல விரிந்திருக்கிற வெளிறல்
என் நெற்றியிலிருந்து விழுந்தது.

வெள்ளைக் குழாயை நான் திறப்பதேயில்லை.
வெண்மேகம் என்பது தொடாமல் விட்ட தாள்.
கார்மேகம்தான் பாடு.
கறுப்பைக் கரைத்தால் அது டீசல் புகை.
நீலத்தில், நம் காட்டுச் செம்மண் மாதிரி இருக்குமே
அந்தப் பழுப்பைக் கொஞ்சம் விட்டால்தான்
மழைச் சாம்பல் வரும்.
பெய்யாமல் போகிற மேகத்துக்கும்
மண் வேண்டியிருக்கிறது.

அப்புறம் தண்ணீர்.
எங்கள் போர் தொள்ளாயிரம் அடி.
பருப்பு வேகாத தண்ணீர்.
தாளில் காயும்போது
நீலம் திப்பிதிப்பியாகத் திரண்டு நிற்கும்.
நாட்ராயனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
கோட்டூர்ப் பக்கம் கொப்பரை ஏற்றப் போனவன்
சோடா பாட்டிலில் ஆழியாற்றுத் தண்ணீரோடு வந்தான்.
"வரைங்க்கா. இதுல வந்துருமுங்க."

வந்தது.
தேய்த்து மடித்த புதுச் சேலைபோல
சுருக்கமே இல்லாத வானம்.
அதன் கீழே வெள்வேலம், கிளுவை வேலி,
கொழுக்கட்டைப் புல்லில் தலை கவிழ்ந்த
நாலு செம்மறி.
எதுவும் ஒட்டவில்லை.
பஸ் மாறி ஏறிப் பொள்ளாச்சியில் இறங்கியவை மாதிரி
ஆடுகள் முழித்தன.
பாட்டிலில் மீதமிருந்ததைக் குடித்துவிட்டேன்.
இனித்தது. அது வேறு விஷயம்.

மறுபடி போர்த் தண்ணீர்.
உப்பு அதன் பாட்டுக்கு மேகத்தைத் திரிக்கட்டும் என்று
பலகையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.
பில் போடும் கையில் எப்போதும் கொஞ்சம் நீலம்.
முதலாளி ஒருநாள் கேட்டார்,
"பேனா ஒழுகுதாம்மா?"
ஆமாங்க என்றேன்.

நேற்றுச் சாயங்காலம்
மக்காச்சோளம் ஏற்றி நின்றது நாட்ராயன் வண்டி.
மொத்தம் 24,360. காலி 9,140. நிகரம் 15,220.
சீட்டு அச்சாகிற நேரத்தில் எட்டிப் பார்த்தான்.
மேற்கே அல்ல, என் மேசையை.
"என்னுங்க்கா, இப்பிடிக் கட்டிட்டு நிக்குது!"
ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து
எட்டு முடிச்சுப் போட்டான்.
வெளியே மேகங்கள் வழக்கம்போல
கரூர்ப் பக்கம் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன.
சொல்ல வாயெடுத்தேன்.
ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

இரவு பூட்டும்போது படத்தை எடுத்துப் பார்த்தேன்.
பாதிக்குப் பாதி வெளிறியிருந்தது.
நீர்வண்ணம் அப்படித்தான், காயக் காயக் குறையும்.
அதை நினைத்தே ஒரு பங்கு கூடுதலாகப் பூசுவேன்.
அவன் பார்த்தது
ஈரத்தில்.