சாய்ந்த தக்கை

பத்து நாற்பதுக்கு பஸ்ஸை ஒப்படைத்தால்
மூன்று இருபது வரை யாருக்கும் நான் தேவையில்லை.
வீட்டுக்குப் போகலாம். போனால் தூங்கிவிடுவேன்.
ஆகவே நீடாவ் படகுத்துறை,
சீருடைக்கு மேல் தடித்த ஜாக்கெட்,
கழற்ற மறந்த பெயர்ப்பட்டை: யசோதினி.

தக்கை ஆரஞ்சு நிறம், சுண்டுவிரல் நீளம்.
கீழே நாலு மீட்டர் தங்கூசி,
அதன் நுனியில் ஈயத்தலை ஜிக்;
தலையில் புள்ளி வைத்த இரண்டு கண்,
வாலில் வெள்ளை இறகு.
தக்கைக்கு மேலே ஒரு நூல் முடிச்சு.
முடிச்சை ஏற்றினால் ஜிக் இறங்கும்,
தலைகீழ்க் கணக்கு.
இந்தக் குளிரில் மீன் எந்த ஆழத்தில் படுத்திருக்கும் என்று
ஏரி பலகையா மாட்டி வைத்திருக்கிறது?
அரை அரை மீட்டராகத் தள்ளிப் பார்ப்பதுதான்.

பிறகு செய்ய ஒன்றுமில்லை.
சிற்றலை தக்கையை ஏற்றும், இறக்கும்.
கீழே இருட்டில் இறகு மூச்சுவிடும்.
காலை முழுக்க நாற்பது பேரைக்
குலுக்கிக் கொண்டுபோனவள் நான்.
இங்கே குலுக்குகிற வேலை காற்றுக்கு.

நாயுடன் வந்த ஒரு பெண் நின்றாள்.
"நீங்கள் ஏழாம் நம்பர் அல்லவா?"
ஆம் என்றேன்.
அதன் பிறகு மூவரும் தக்கையைப் பார்த்தோம்.

மீன் கடித்தால் தக்கை மூழ்கும் என்பது
படம் வரைகிறவர்களின் நம்பிக்கை.
பன்னிரண்டேகாலுக்கு என் தக்கை மூழ்கவில்லை.
சாய்ந்தது.
நின்று களைத்த ஆள் போல
மெதுவாகப் பக்கவாட்டில் படுத்தது.

கீழே ஏதோ ஒன்று
ஜிக்கை வாயில் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது,
ஈயத்தின் பாரம் இப்போது அதனுடையது,
தக்கைக்குப் பிடித்து நிற்க எதுவுமில்லை.
எனக்கு இது விளங்க மூன்று நொடி.
நாய் முந்திக்கொண்டு குரைத்தது.

எக்லி.
முதுகில் கறுப்புப் பட்டைகள், சிவந்த துடுப்பு,
பெருவிரலில் ஏறிய ஒரு முள்.
அளவுப் பலகையில் கோட்டைத் தாண்டி ஒரு விரல்.
தின்னாத மீனைப் பிடிப்பதில்லை நான்.
தலையில் ஒரே அடி, சரியாக. பிறகு செவுள்.
நாய்க்காரி ஏரியின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கை கழுவிய தண்ணீர் எலும்பு வரை போனது.

மூன்று இருபது.
இருக்கையில் இன்னொருவர் விட்டுப்போன சூடு.
காலடியில் சோற்றுப்பெட்டி;
ஒவ்வொரு பிரேக்குக்கும் மீன் நகர்ந்து
உட்சுவரில் ஒருமுறை தட்டியது.

கண்ணாடியில் கடைசி வரிசை.
ஒரு கம்பளித் தொப்பி.
மணியை அழுத்தவில்லை, எழவில்லை,
மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.
இந்தமுறை மூன்று நொடி எடுக்கவில்லை.
யாரும் கேட்காத நிறுத்தத்தில் நிறுத்திக்
கதவைத் திறந்தேன்.
குளிர் மட்டும் ஏறியது.

தொப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

கதவை மூடினேன்.
திரையில் சிவப்பு எழுத்து:
இரண்டு நிமிடம் தாமதம்.